சனியின் வளையம் கரைய ஆரம்பித்துவிட்டதா?

கேள்வி: 2025 செப்டம்பர் 13

எட்டு வருடத்துக்கு முன்பு, 2017-ல், இதே டெலஸ்கோப்பில் சனியைப் பார்த்தேன். வளையம் அகலமாக, நடுவில் கறுப்பு இடைவெளி தெரிகிற அளவுக்கு இருந்தது. அப்புறம் டெலஸ்கோப் மூலையில் கிடந்தது. நேற்று இரவு எடுத்துப் பார்த்தால் வெளிறிய ஓர் உருண்டை, அதில் குண்டூசி செருகினது போல இரண்டு பக்கமும் ஒரு கோடு. அவ்வளவுதான். வளையம் மழையாகக் கோளுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் 10 கோடி ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது என்று படித்திருக்கிறேன். அதற்காக எட்டு வருடத்தில் இவ்வளவா குறையும்? இல்லை, என் டெலஸ்கோப்தான் கெட்டுவிட்டதா?

செப்டம்பர் 13, இரவு

இரண்டும் இல்லை. வளையம் அப்படியே இருக்கிறது, நாம்தான் அதை விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம்.

சனியின் அச்சு 26.7 டிகிரி சாய்ந்தது. வளையம் அதன் நடுக்கோட்டுக்கு நேர் மேலே சுற்றுவதால் அதற்கும் அதே சாய்வு. இந்தச் சாய்வை மாற்றாமல் சனி சூரியனைச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. அந்தச் சுற்றில் ஒரு சமயம் வளையத்தின் வட முகம் நமக்குக் காட்டப்படும், இன்னொரு சமயம் தென் முகம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் விளிம்பு மட்டும். நீங்கள் பார்த்த 2017 வளையம் 27 டிகிரி வரை முழுக்கத் திறந்திருந்த வருடம். இந்த வருடம் மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்தது. அன்றைக்குச் சனி சூரியனுக்கு மிக அருகில், பார்க்க வழியில்லாத இடத்தில் இருந்ததால் யாருக்கும் பெரிதாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. மே 6 அன்று சூரியனும் அந்தத் தளத்தைக் கடந்தது. இடைப்பட்ட ஆறு வாரமும் வெயில் ஒரு முகத்தில், நாம் மறு முகத்தில்.

மூடின நிலையிலிருந்து முழுக்கத் திறக்க சுமார் ஏழரை ஆண்டு. ஏழரையைச் சனியிடமிருந்து பிரிக்கவே முடியாது போல.

விளிம்பு ஏன் இவ்வளவு மெல்லிசாகத் தெரிகிறது என்றால், அது நிஜமாகவே மெல்லிசு. முக்கிய வளையங்களின் குறுக்களவு 2 லட்சத்து 70 ஆயிரம் கி.மீ.க்கு மேல், தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரை ஒட்டி. 270 மீட்டர் அகலத்துக்கு ஒரே தாளை விரித்தால் எப்படியோ அப்படி. அதை 130 கோடி கி.மீ. தள்ளி நின்று பக்கவாட்டில் பார்க்கிறீர்கள். கோடு தெரிந்ததே பெரிய விஷயம்.

செப்டம்பர் 14

தாள் கணக்கு தப்பு. படுத்த பிறகு தோன்றியது, எழுந்து போட்டுப் பார்த்தேன். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். வளையத்தின் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 2 கோடியே 70 லட்சம். பெருக்கினால் தாளின் அகலம் 2.7 கி.மீ. வர வேண்டும், நான் ஒரு சுழியத்தை விழுங்கிவிட்டேன். 270 மீட்டர்தான் வேண்டுமென்றால் தாளைப் பத்து ஏடாகச் சீவி அதில் ஒன்றை விரிக்க வேண்டும்.

செப்டம்பர் 16

டெலஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று கேட்டீர்களே, அதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும். 2009 தொடக்கத்திலும் இதே நிலைமைதான், வளையம் ஒரு கோடு. எனக்கு அப்போது இந்தச் சாய்வு விவகாரம் எதுவும் தெரியாது. படத்தில் பார்த்த சனி டெலஸ்கோப்பில் இல்லை, ஆகவே குற்றம் டெலஸ்கோப்பில். முதலில் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, கழற்றி பனியன் துணியால் துடைத்தேன், அதில் ஒரு நூல் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த நூல் பார்வைப் புலத்தின் குறுக்கே கறுப்பாக விழ, ஆஹா வளையம் என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஐபீஸைத் திருப்பினால் வளையமும் கூடத் திரும்பியது. அதோடு விட்டேனா? அடியில் கண்ணாடியைத் தாங்கும் மூன்று திருகுகளையும் ஆளுக்கொரு பக்கம் திருப்பினேன். அதன் பிறகு நிலா கூட வால் முளைத்துத்தான் தெரிந்தது. சரி செய்ய ஒன்றரை மாதம் ஆனது.

இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனால் எனக்கு முன்பே ஒரு பெரிய ஆள் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார். 1610 ஜூலையில் கலிலியோ சனியைப் பார்த்தபோது அவருடைய சின்ன டெலஸ்கோப்பில் நடுவில் பெரிய உருண்டை, இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு சின்ன உருண்டை. மூன்று கோள் சேர்ந்து நிற்பதாக நினைத்தார். 1612-ல் பார்த்தால் பக்கத்து இரண்டையும் காணோம். சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டதா என்று எழுதினார். ரோமானியக் கதையில் சாட்டர்ன் தன் பிள்ளைகளைத் தின்றவன், அதை வைத்துச் சொன்னது. 1616-ல் பாத்திரத்தின் கைப்பிடி மாதிரி ஒன்றை வரைந்திருக்கிறார். வரைந்த கைக்கு அது வளையம் என்று கடைசி வரை தெரியாது.

டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1655-ல் சனியின் பெரிய நிலா டைட்டனைக் கண்டுபிடித்து, அடுத்த வருடம் வளையத்தைப் பற்றிய தன் விடையை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார், யாராவது முந்திக்கொண்டால் நான்தான் முதலில் சொன்னேன் என்று காட்ட. 1659-ல் புதிரை அவிழ்த்தார்: மெல்லிய, தட்டையான, எங்கும் ஒட்டாத ஒரு வளையம், சாய்ந்திருக்கிறது. நல்ல டெலஸ்கோப் அவருக்கு உதவியது உண்மைதான். ஆனால் வளையம் ஏன் தோன்றித் தோன்றி மறைகிறது என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. நமக்கு இடைஞ்சலாகப் பட்ட மறைவு அவருக்குத் துப்பு.

செப்டம்பர் 17

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: பத்து மீட்டர் தடிமனில் இவ்வளவு பெரிய தட்டு எப்படி உடையாமல் நிற்கிறது?

தட்டு என்று நினைப்பதில்தான் சிக்கல். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரே திண்ம வளையம் நிலைக்காது என்று காட்டிவிட்டார். கொஞ்சம் நகர்ந்தாலும் கிட்டத்தில் வந்த பக்கத்தைக் கோள் அதிகமாக இழுக்கும், கடைசியில் மோதிவிடும். அவர் பல மெல்லிய திண்ம வளையங்கள் என்று சமாளித்தார். 1857-ல் மேக்ஸ்வெல் ஆடம்ஸ் பரிசுக்கு எழுதிய கட்டுரையில் திண்மமும் ஆகாது, திரவமும் ஆகாது, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துண்டுகளாக மட்டுமே அது இருக்க முடியும் என்று காகிதத்திலேயே முடித்துவிட்டார். 1895-ல் அமெரிக்க வானியலாளர் கீலர் நிறமாலையை எடுத்து வேகத்தை அளந்தார். ஒரே தட்டாக இருந்தால் வெளி விளிம்புதான் வேகமாக ஓட வேண்டும், மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி. அவர் கண்டது தலைகீழ்: உள் பக்கம் வேகம், வெளிப் பக்கம் மெதுவு. ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி நிலா, தன் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓடுகிறது.

ஆகவே வளையம் என்று ஒரு பொருளே அங்கே இல்லை. இருப்பது ஒரு கூட்டம், அது ஓடுகிற விதம். நான் இதைப் படித்துப் பல வருடம் கழித்துத்தான் உள்ளே இறங்கியது.

முக்கிய வளையங்களுக்கு உள்ளிருந்து வெளியே சி, பி, ஏ என்று பெயர். சி வளையத்தின் உள் விளிம்பில் ஒரு துண்டு நொடிக்கு 22 கி.மீ. ஓடுகிறது, ஏ வளையத்தின் வெளி விளிம்பில் 16, 17. இந்த வேகத்தில் மோதினால் எல்லாம் தூள் தூளாகிவிடாதா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரனும் கிட்டத்தட்ட அதே வேகத்தில், அதே திசையில் ஓடுகிறான் என்பதை மறந்துவிட்டேன். கோளின் மையத்திலிருந்து ஒரு லட்சம் கி.மீ. தூரத்தில், பி வளையத்துக்குள், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் கல் உங்களைவிட எவ்வளவு வேகமாக முந்துகிறது? கணக்குப் போட்டால் நொடிக்கு 0.3 மி.மீ. நத்தை இதைவிட வேகம். அது வந்து உங்கள் கல்லை இடிப்பதை நீங்கள் பல நிமிடம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். மெதுவாக வந்து தொட்டு, உரசி, கொஞ்சம் பொடி உதிர்ந்து, விலகிப் போகும்.

மெல்லிசாக இருப்பதற்கும் இதே இடிதான் காரணம். ஒரு துண்டு தளத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பிச் சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை தளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். கடக்கிறபோதெல்லாம் யார் மேலாவது இடிக்கும், இடிக்கிறபோதெல்லாம் அந்த மேல் கீழ் ஆட்டம் கொஞ்சம் சாகும். சுற்றும் ஓட்டம் மட்டும் எல்லாருக்கும் பொது, அது சாகாது. மிச்சம் தட்டை.

சரி, இவ்வளவு மெதுவாக இடித்தால் ஒட்டிக்கொண்டு நிலா ஆகலாமே? ஆக விடாதது கோளின் இழுப்பு. துண்டின் கோள் பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இழுப்பு வேறுபடுகிறது. மிகக் கிட்டத்தில் அந்த வேறுபாடு, துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஈர்ப்பைவிடப் பெரிது. அதுதான் ரோச் எல்லை, 1848-ல் எட்வர்ட் ரோச் கணக்கிட்டது. எல்லைக்கு உள்ளே வளையம், வெளியே நிலா.

செப்டம்பர் 18

நேற்று எழுதினதில் இரண்டு திருத்தம்.

கல் கல் என்று எழுதியிருக்கிறேன். கல் இல்லை, கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்ப் பனிக்கட்டி. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை, அதற்கும் சிறிய பொடியும் உண்டு.

இரண்டாவது, ரோச் எல்லையைச் சுண்ணாம்பு வைத்துப் போட்ட கோடு மாதிரி சொல்லிவிட்டேன். துண்டின் அடர்த்தியைப் பொறுத்து அது நகரும். தவிர வளையத்துக்கு உள்ளேயே சின்ன நிலாக்கள் உண்டு. வளையத்தில் உள்ள என்கே இடைவெளி 325 கி.மீ. அகலம், அதைப் பெருக்கி வைத்திருப்பது பான் என்ற நிலா. கீலர் இடைவெளி 42 கி.மீ. மட்டும், அதில் ஓடும் டாஃப்னிஸ் எட்டு கி.மீ. குறுக்களவுள்ள துக்கடா, ஆனால் அது போகிற வழியில் இரு கரையும் அலை அலையாக எழும்பி நிற்கும். 2009-ல் வளையத்துக்குச் சூரியன் பக்கவாட்டில் வந்தபோது அந்த அலைகளின் நிழல் நீளமாக விழுந்ததை, அப்போது சனியைச் சுற்றிக்கொண்டிருந்த காசினி விண்கலம் படம் எடுத்தது. பி வளையத்தின் வெளி விளிம்பில் இரண்டரை கி.மீ. உயரத்துக்கு எழும்பின மேடுகளும் அப்போதுதான் தெரிந்தன. பத்து மீட்டர் என்று நான் அடித்துச் சொன்னதற்கு இது விலக்கு.

ஒரு பெயர்க் கூத்து: என்கே இடைவெளியைத் தெளிவாகப் பார்த்தவர் என்கே இல்லை, 1888-ல் கீலர்தான். கீலர் பெயரில் இருக்கும் இடைவெளியைக் கீலர் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 21

இன்று சனி சூரியனுக்கு நேர் எதிரே. வளையம் நன்றாகத் திறந்திருக்கும் வருடங்களில் இந்த ஓரிரு நாள் மட்டும் வளையம் சட்டென்று பளிச்சிடும். சூரியன் நம் முதுகுக்கு நேர் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு துண்டின் நிழலும் அதன் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், இருட்டே நம் கண்ணில் படாது. இந்த வருடம் அந்த வித்தையைக் காட்டும் அளவுக்கு வளையம் இல்லை. ஒரு மணி நேரம் நின்றேன். காற்று நிலையாக இல்லை, கோடு தண்ணீரில் விழுந்த நூல் மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது. நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை நொடி, அது நேராகி நின்றது. அந்த அரை நொடிகளுக்காகத்தான் நிற்கிறோம்.

டைட்டன் பக்கத்தில் தெளிவாக இருந்தது. விளிம்பு வருடங்களின் லாபம் இது: வளையத்தின் கூச்சல் அடங்குவதால் நிலாக்கள் கோட்டின் நேரில் மணி கோத்தது போலத் தெரியும், டைட்டனின் நிழல் கூடக் கோளின் மேல் விழும்.

செப்டம்பர் 28

மழை விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அது வதந்தி இல்லை, நிஜம். நுண்விண்கற்களும் சூரிய ஒளியும் பட்டு வளையத்துப் பொடிக்கு மின்னூட்டம் ஏறுகிறது, ஏறினது சனியின் காந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வளிமண்டலத்தில் இறங்குகிறது. 2018-ல் ஜேம்ஸ் ஓ'டொனாக்யூ குழு சொன்ன அளவு நொடிக்கு 432 முதல் 2,870 கிலோ வரை. அரை மணிக்கு ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் என்று செய்திகளில் வந்தது இதுதான்.

காசினி விண்கலம் 2017-ல் கடைசி 22 சுற்றுகளில் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே பாய்ந்தபோது வளையத்தின் எடையும் கிடைத்தது: சுமார் 15-க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட கிலோ, மைமாஸ் என்ற சின்ன நிலாவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. நொடிக்கு 1,500 கிலோ என்று வைத்து வகுத்தால் முப்பது கோடி ஆண்டுக்குச் சற்று மேல் வருகிறது. இதுபோக நடுக்கோட்டுப் பக்கம் நேராக விழும் பொருளையும் காசினி அளந்தது, அதைச் சேர்த்தால் 10 கோடிக்கும் கீழே இறங்குகிறது. நீங்கள் படித்த எண் அங்கிருந்து வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு இதைப் பொருத்துங்கள். அதே 1,500 கிலோ வீதம் கலிலியோ பார்த்த நாள் முதல் இன்று வரை கொட்டியது மொத்தத்தில் எட்டு லட்சத்தில் ஒரு பங்கு. அவர் பார்த்த வளையமும் உங்கள் வளையமும் ஒன்றேதான். 2017-க்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தில் மழையின் பங்கு சுழியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்றால் வளையம் பழையதாகவும் இருக்க முடியாது. பனிக்கட்டி இன்னும் வெள்ளையாக இருக்கிறது, விண்தூசி விழுந்து விழுந்து கறுத்திருக்க வேண்டும். 2023-ல் சாஷா கெம்ப் குழு, காசினியின் தூசி உணரி பிடித்த துகள்களை வைத்து 40 கோடி ஆண்டுக்கு மேல் போகாது என்றது. 2022-ல் ஜாக் விஸ்டம் குழு, கிரிசாலிஸ் என்று பெயர் வைத்த ஒரு நிலா சுமார் 16 கோடி ஆண்டு முன்பு சனிக்கு ரொம்பக் கிட்டத்தில் போய்ச் சிதறியது என்றது. டைனோசர்கள் தலை தூக்கிப் பார்த்த சனிக்கு வளையமே இல்லாமல் இருந்திருக்கலாம். வளையம் சின்னப் பிள்ளை, எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அக்டோபர் 5

சந்தேகமே இல்லை என்று எழுதினால் ஒரு வாரத்தில் சந்தேகம் வந்து கதவைத் தட்டும்.

நான் 2024 டிசம்பரில் வந்த ஹியோடோ குழுவின் வேலையைத் தாண்டிப் போய்விட்டேன். வெளியிலிருந்து வரும் தூசி மெதுவாக வந்து படிவதில்லை, நொடிக்குப் பத்துக் கணக்கான கி.மீ. வேகத்தில் அடிக்கிறது. அடித்த வேகத்தில் அது ஆவியாகிவிடும், அந்த ஆவியும் அதிலிருந்து உண்டாகும் மின்னூட்டத் துகள்களும் பெரும்பாலும் வளையத்தில் தங்காமல் கோளுக்குள் போகும், அல்லது சனியை விட்டே வெளியேறும் என்று அவர்கள் கணினியில் காட்டினார்கள். அப்படியென்றால் அழுக்கு குறைவு என்பது வயது குறைவு என்பதற்குச் சாட்சி இல்லை. தூசி இல்லாத மேசையைப் பார்த்து இது நேற்று வாங்கியது என்று நான் சொன்னேன், தினமும் ஒருவர் துடைக்கிறார் என்பது கணக்கில் வரவில்லை.

எனக்கு எங்கே தடுக்கியது என்று யோசித்தேன். வெள்ளையாக இருப்பது, வேகமாகக் கொட்டுவது என்ற இரண்டும் ஒரே திசையைக் காட்டியதால் கணக்கு முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவதும் அவ்வளவு உறுதி இல்லை. இன்றைய வேகம் எப்போதும் இதே வேகம் என்று எடுத்துக்கொண்டுதான் வகுத்தோம். நேற்று பெய்த மழையை 365-ஆல் பெருக்கி ஆண்டு மழை சொன்னால் யார் ஒப்புவார்கள்?

பழைய பக்கத்துக்கும் நல்ல கதை உண்டு. 2010-ல் ரோபின் கேனப் சொன்னது: சனி உருவான காலத்தில் டைட்டன் அளவு ஒரு நிலா உள்நோக்கிச் சுருண்டு வந்தது, அதன் மேல் இருந்த பனி உரிந்து வளையமானது, பாறை நடு கோளுக்குள் விழுந்தது. வளையத்தில் பாறையே காணோமே, பனி மட்டும் ஏன் என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

என் கட்சி இப்போது? இளசு பக்கம் ஆறு, பழசு பக்கம் நான்கு. போன வாரம் பத்துக்குப் பத்து.

அக்டோபர் 6

டைனோசர் வரியை வாபஸ் வாங்குகிறேன். இருந்தாலும் அவை டெலஸ்கோப் இல்லாமல் எப்படிப் பார்த்திருக்கும் என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 12

காசினியின் கடைசிச் சுற்றுகளைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. 2017 ஏப்ரல் 26, வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் முதல் பாய்ச்சல். உள்ளே எவ்வளவு தூசி என்று தெரியாது, அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் பட்டாலும் கலம் அவ்வளவுதான். ஆகவே பெரிய ஆன்டெனாத் தட்டை முன்னால் திருப்பிக் கேடயம் போல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆன்டெனா பூமியைப் பார்க்காததால் அத்தனை நேரமும் தொடர்பு கிடையாது. தூசி மோதுவதை ஒலியாக மாற்றித் தரும் கருவி ஒன்று அதில் இருந்தது. மற்ற வளையத் தளங்களைக் கடக்கையில் அது மழை தகரத்தில் விழுவது போலப் படபடத்திருக்கிறது. இங்கே ஒன்றிரண்டு சொட்டு, மற்றபடி வெறும் இரைச்சல். எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக அந்த இடம் காலி.

வளையம் ஒரு நல்ல கருவியும் கூட. சனிக்குள் நடக்கும் அதிர்வுகள் அதன் ஈர்ப்பை லேசாக அசைக்கின்றன, அது சி வளையத்தில் சுருள் அலையாகப் பதிகிறது. பூகம்பமானியைத் தரையில் வைக்காமல் வானத்தில் வைத்த மாதிரி. அந்த அலைகளைப் படித்துத்தான் 2019-ல் சனியின் ஒரு நாள் 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணித்தார்கள். மேகத்தைப் பார்த்து அளக்க முடியாதது, ஏனென்றால் ஒவ்வொரு மேகப் பட்டையும் ஒவ்வொரு வேகம்.

அக்டோபர் 20

சனியில் நின்று பார்த்தால் வளையம் எப்படி இருக்கும்? முதலில் நிற்கத் தரை கிடையாது, மேகத்தில் மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் இருந்தால் உங்களுக்கும் 2025 கதிதான், தலைக்கு மேலே நூல் மாதிரி ஒரு கோடு. கொஞ்சம் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால் அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வில் வளைந்து நிற்கும். துருவத்தில் ஒன்றுமே தெரியாது, அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. கோளின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1 லட்சத்து 12 ஆயிரம் கி.மீ. தூரத்தில், பி வளையத்துக்குள், ஒரு துண்டு சனியைச் சுற்றும் நேரமும் சனி தன்னைச் சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். அந்த இடத்துத் துண்டுகள் உங்கள் தலைக்கு மேல் அசையாமல் நிற்கும். அதற்கு உள்ளே இருப்பவை மேற்கில் உதித்துக் கிழக்கே போகும், வெளியே இருப்பவை கிழக்கில் உதித்து மேற்கே போகும். ஒரே வில்லுக்குள் இரண்டு திசையில் போக்குவரத்து, நடுவில் ஒரு கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. இதை வரைந்து பார்க்க ஆரம்பித்து ஒரு இரவு தூக்கம் போனது.

நவம்பர் 2

மற்ற கோள்களுக்கும் உண்டா என்று கேட்டதற்குச் சுருக்கமாக: நான்கு பெரிய கோள்களுக்கும் உண்டு. யுரேனஸ் வளையம் 1977 மார்ச் 10 அன்று, அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் கண் சிமிட்டியதால் தெரிந்தது. விமானத்தில் டெலஸ்கோப்போடு பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்கு அந்தப் பெருமை, அதே மறைப்பைத் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் பதிவு செய்தார்கள். வியாழனுடையது 1979-ல் வாயேஜர் 1 படத்தில் வந்தது. நெப்டியூனின் வெளி வளையம் சில இடங்களில் மட்டும் தடித்து, துண்டு விற்களாகத் தெரியும். எல்லாமே மங்கல். சனி ஒன்றுதான் இப்படிப் பகட்டு.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது குட்டிகள். 2013-ல் சாரிக்ளோ என்ற 250 கி.மீ. சிறுகோளுக்கு இரண்டு வளையம், 2017-ல் நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஹௌமியா என்ற குட்டிக் கோளுக்கு ஒன்று. அதே பகுதியில் இருக்கும் குவாவாருக்கு 2023-ல் அறிவித்த வளையம் அதன் ரோச் எல்லைக்கு வெகு வெளியே இருக்கிறது. எல்லைக்கு உள்ளே வளையம், வெளியே நிலா என்று 17-ஆம் தேதி அழகாக ஒரு வரி எழுதினேனே, குவாவாருக்கு அதைக் காட்ட முடியாது. அந்தக் குளிரில் பனித்துண்டுகள் ஒட்டாமல் பந்து மாதிரி எகிறுவதால் சேராமல் இருக்கலாம் என்கிறார்கள். சனிக்கு அந்த வரி நிற்கும், பொது விதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பர் 24

சாய்வு இப்போது 0.4 டிகிரிக்கும் கீழே. இந்தச் சுற்றில் இதற்குமேல் மூடாது. இன்று பார்த்தேன், கோளின் இரு பக்கமும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறது என்று தெரிந்ததால் இருப்பது போல ஒரு பிரமை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோளின் குறுக்கே மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. அது வளையம் இல்லை, வளையத்தின் நிழல். சூரியன் தளத்திலிருந்து மூன்று டிகிரி விலகிவிட்டதால் நிழலுக்கு நம்மைவிட அதிக இடம் கிடைத்திருக்கிறது. வளையம் தெரியாமல் அதன் நிழல் மட்டும் தெரிகிற இரவு.

இனி விரியத் தொடங்கும். முழுக்கத் திறப்பது 2032-ல், இந்த முறை தென் முகம். அடுத்து பூமி தளத்தைக் கடப்பது 2038 அக்டோபரில். திருகுகளை நான் தொடவில்லை.

நவம்பர் 27

கேட்டவர் எழுதியிருக்கிறார், செப்டம்பரில் என் பதில் வருவதற்குள்ளேயே அவர் மூன்று திருகையும் திருப்பிவிட்டாராம், சொல்லக் கூச்சமாக இருந்ததாம். பரவாயில்லை. சனியை விட்டுவிட்டு நல்ல பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வைப் புலத்தின் நட்ட நடுவில் வையுங்கள். குவியத்தைக் கொஞ்சம் கலையுங்கள், புள்ளி உப்பி வட்டத்துக்குள் வட்டமாக விரியும். எல்லா வட்டத்துக்கும் ஒரே மையமா என்று பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஒரே ஒரு திருகை, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் நகர்ந்துவிடும், மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், நான் எழுதவில்லை.